பாலத்தின் நடுவில் வயிறு கலக்கினால்: ஐ.பி.எஸ். (எரிச்சலுறு குடல்) தொல்லைக்குப் புரோபயாட்டிக் எவ்வளவு தூரம் உதவும்?

கேள்வி: பாலம் கடப்பவன் (பட்டர்வொர்த், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. பட்டர்வொர்த்தில் குடியிருந்துகொண்டு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதால், நாள்தோறும் இருமுறை பினாங்குப் பாலத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு திருமண விருந்தில் சாப்பிட்ட மறுநாள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, கிளினிக்கில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டது. வயிறு மட்டும் இன்றுவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

வாரத்தில் நான்கைந்து நாள்களாவது தொப்புளுக்குக் கீழே இழுத்துப் பிடிப்பது போன்ற வலி வருகிறது. மலம் கழித்தால் தணிகிறது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் மூன்று முறை கழிப்பறைக்குப் போகிறேன், அதிலும் மூன்றாவது முறை வெறும் தண்ணீராகவே போகிறது. மாலையில் வயிறு உப்பி, இடுப்புவாரை ஒரு துளை தளர்த்தினால்தான் உட்கார முடிகிறது. பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். நெரிசல் இல்லாத நாளில் கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். நடுவில் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டால் இரு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிறை பக்கத்திலும் தீவுப் பக்கத்திலும் எந்தெந்தப் பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறை திறந்திருக்கும், எதில் சாவி கேட்டு வாங்க வேண்டும் என்பதையெல்லாம் கைபேசியில் எழுதி வைத்திருக்கிறேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

இரத்தம், மலம் இரண்டையும் பரிசோதித்தார்கள், பெருங்குடலுக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் செய்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, இது ஐ.பி.எஸ்., உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லி, "நல்ல பாக்டீரியா சாப்பிட்டுப் பாருங்கள்" என்ற ஒரு வரியோடு மருத்துவர் முடித்துக்கொண்டார். இதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், 5,000 கோடி பாக்டீரியா இருப்பதாகச் சொல்லி, மாதத்துக்கு 168 ரிங்கிட் விலையில் ஒரு பொட்டலப் பெட்டியை வாட்ஸ்அப் வழியே விற்றுவிட்டார். ஆன்டிபயாட்டிக் அழித்ததையெல்லாம் அது திரும்ப நிரப்பிவிடும் என்பது அவருடைய விளக்கம். என் அம்மாவோ, வீட்டுத் தயிரும் பழைய சோறும் இருக்கும்போது பொட்டலம் எதற்கு என்று கேட்கிறார். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. புரோபயாட்டிக் என்ற இந்த நல்ல பாக்டீரியா இந்த நோய்க்கு உண்மையிலேயே உதவுமா, உதவுமென்றால் எதை, எத்தனை நாள் எடுத்துப் பார்க்க வேண்டும், அம்மா சொல்வதில் எந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் எடுத்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: மருந்தக மேசை (கோலாலம்பூர்)

வணக்கம் நண்பரே. பிரிக்பீல்ட்ஸ் பகுதி மருந்தகம் ஒன்றில் பதினேழு ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். நீங்கள் கேட்டதை வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரின் கையில் ஏற்கெனவே வாங்கிய பெட்டி இருக்கும்.

நோயைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. உங்கள் அறிகுறிகள் ஐ.பி.எஸ்.ஸை அடையாளம் காண வல்லுநர்கள் வகுத்த 2016-ஆம் ஆண்டு ரோம் வரையறையோடு ஒத்துப் போகின்றன. கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடும், கழிக்கும் தடவைகளோ மலத்தின் தன்மையோ மாறுவதோடும் தொடர்புடையதாக இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உணவு நஞ்சாகிக் குடலில் தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தத் தொல்லை பின்தொடர்கிறது. கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000-ஆம் ஆண்டு குடிநீர் மாசுபட்டு ஈ.கோலி, கேம்பிலோபேக்டர் என்ற குடற்கிருமிகள் பரவியபோது, நோயுற்றவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தவர்கள் இதைத் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கிருமி போன பிறகும் குடலின் நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகின்றன. மற்றவர் உணராத அளவு வாயுகூட உங்களுக்கு வலியாகத் தெரியும். ஆகவே இது கற்பனை நோய் இல்லை, பாலத்தை நினைத்தாலே வயிறு கலக்குவதும் கோழைத்தனம் இல்லை. மூளையும் குடலும் பேசிக்கொள்ளும் பாதையில்தான் சிக்கல்.

உங்கள் உறவினர் சொன்ன "திரும்ப நிரப்பும்" கதைக்கு வருகிறேன். குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி இருக்கும் என்று 2016-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் முன் 5,000 கோடி என்பது எழுநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலும், நாம் விழுங்குபவை பெரும்பாலும் சத்திரத்தில் தங்கும் வழிப்போக்கர்கள். உண்பதை நிறுத்திய சில நாள், சில வாரங்களில் மலத்தில் அவை காணாமல் போய்விடுகின்றன. இஸ்ரேலில் வைஸ்மன் ஆய்வுக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாட்டிக் எடுத்த நலமான தன்னார்வலர்கள் பலவகைப் பாக்டீரியா கலந்த புரோபயாட்டிக்கை உண்டபோது, அவர்களுடைய சொந்த நுண்ணுயிர்க் குடும்பம் பழைய நிலைக்குத் திரும்புவது விரைவதற்கு மாறாகத் தாமதமாயிற்று. வழிப்போக்கர் தங்கியிருக்கும்வரை ஏதேனும் வேலை செய்து கொடுக்கலாம், அமிலத்தைச் சுரக்கலாம், குடற்சுவரோடு உறவாடலாம். அது வேறு செய்தி. நிரப்புவது என்ற சொல் விற்பனைக்காரரின் சொல்.

இனி, எதை எடுப்பது என்ற கேள்வி. புரோபயாட்டிக் என்பது ஒரு மருந்தின் பெயர் இல்லை. போதுமான அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்று 2001-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் வகுத்த ஒரு கூட்டத்தின் பெயர். "மாத்திரை சாப்பிடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் எந்த மாத்திரை என்று நாம் கேட்கமாட்டோமா? பேரினம், சிற்றினம், அதற்கும் கீழே திரிபு என்ற மூன்று படிகளில், ஆய்வு முடிவுகள் திரிபுக்கு மட்டுமே பொருந்தும். லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் 299வி என்ற திரிபை இந்தியாவில் 214 நோயாளிகளுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து, வலியும் உப்புசமும் குறைந்ததாக 2012-இல் எழுதினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே திரிபை 81 பேருக்கு எட்டு வாரம் கொடுத்த தென்னாப்பிரிக்க ஆய்வில், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடே தெரியவில்லை. ஒரே திரிபுக்கே இந்தக் கதி என்றால், பொட்டலத்தின் மேல் வெறுமனே "லாக்டோபாசில்லஸ் கலவை" என்று அச்சிட்டிருப்பதை வைத்து நான் என்ன சொல்ல முடியும்?

எண்ணிக்கையைப் பற்றி, என்னிடம் வருகிறவர்களுக்கு நான் விடாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் 35624 என்ற திரிபை 362 பெண்களிடம் மூன்று அளவுகளில் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள்: 10 லட்சம், 10 கோடி, 1,000 கோடி. பலன் தந்தது நடு அளவு மட்டுமே. மிக அதிக அளவு ஏன் தோற்றது என்று அந்த மருந்துக் கூட்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது, அவ்வளவு நெருக்கமாக அடைத்த தூள் ஈரம் பட்டதும் பசைபோல் இறுகி, கரையாமல் கட்டியாகவே நின்றதாம். பின்னர் இதே திரிபைக் கொண்டு நடந்த சோதனைகளில் சில அந்த அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 5,000 கோடி என்ற எண்ணை மட்டும் பார்த்து 168 ரிங்கிட் கொடுப்பது, மூட்டையின் எடையைப் பார்த்து அரிசியின் தரத்தை முடிவு செய்வது போன்றதே.

இதனால்தான் மருத்துவச் சங்கங்களே ஒத்துப் போவதில்லை. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020-இல், ஆய்வுக்கு வெளியே ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு இவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி என்ற மற்றொரு மருத்துவர் அமைப்பின் 2021 வழிகாட்டியும் வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்தது. அதே 2021-இல் பிரித்தானியச் சங்கமோ, மொத்தமாகப் பார்த்தால் பலன் இருக்கக்கூடும், ஆனால் எந்தத் திரிபு என்று சொல்ல இயலாது, விரும்புகிறவர்கள் 12 வாரம் வரை எடுத்துப் பார்த்து, முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று எழுதியது. எனக்குப் பிடித்தது பிரித்தானியர் வழிதான்; அதிலும் "நிறுத்திவிடலாம்" என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்று ஆண்டுகளாக மாதந்தோறும் வாங்குகிறவர்களிடம், குணம் தெரிகிறதா என்று கேட்டால், "தெரியவில்லை, ஆனால் நிறுத்தப் பயமாக இருக்கிறது" என்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ.பி.எஸ். ஆய்வுகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களிலேயே பத்துக்கு நான்கு பேர் அளவில் தேறுகிறார்கள். இது ஏறி இறங்கும் நோய். மிக மோசமான வாரத்தில்தான் பெட்டியைப் பிரிப்போம், அடுத்த வாரம் தானாகவே சற்றுத் தணியும், பெயர் பெட்டிக்குப் போகும். ஆகவே பிரிப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒன்றையும் மாற்றாமல் நாட்குறிப்பு எழுதுங்கள்: வலி இருந்ததா, பூச்சியம் முதல் பத்துவரை எவ்வளவு, எத்தனை முறை போனீர்கள், மலத்தின் தன்மைக்கு 1 முதல் 7 வரை எண் தரும் பிரிஸ்டல் அட்டவணையில் எத்தனையாம் எண். கொட்டை கொட்டையாக இருப்பது 1, வழுவழுப்பான வாழைப்பழம் போன்றது 4, முழுக்கத் தண்ணீர் 7. அதன் பிறகு நான்கு வாரம் பொட்டலம், வேறு எதையும் மாற்றாமல். பிறகு இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வாங்கும்போது பெட்டியில் "மால்" (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணையும், அதன் பின்னே வரும் எழுத்தையும் பாருங்கள். உணவுத் துணைப்பொருளுக்கு "என்" (N) என்ற எழுத்து இருக்கும். பானமாக, உணவாக விற்பவற்றுக்கு இந்த எண் இருக்காது. தூளைச் சூடான பாலிலோ தேநீரிலோ கலக்காதீர்கள். நலமாக இருப்பவர்களுக்குத் தொடக்கத்தில் சற்று வாயு கூடுவதைத் தவிரப் பெரிய தீங்கில்லை. ஆனால் நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களும் கடும் நோயில் படுத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் சோதித்தபோது, புரோபயாட்டிக் பெற்றவர்களில் இறந்தவர்கள் மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்று 2008-இல் செய்தி வந்தது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, குடும்பத்தில் குடற்புற்றுநோய், ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்கிய மாற்றம், இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த உரையாடலை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத்தார் (செந்தூல்)

மருந்தாளுநர் சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடில்லை. தயிரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் முப்பது ஆண்டு ஆய்வுக்கூட வேலையில், மேலாளர் இல்லாத ஒரு மதிய வேளையில், என் மனைவி உறை ஊற்றிய தயிரை நானே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சிட்டிகைத் தயிரைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, காயவைத்து, சுடரின்மேல் மூன்று முறை காட்டி, ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் விட்டு, ஆல்கஹாலால் கழுவி, சிவப்புச் சாயம் கொடுத்து, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். மணி கோத்தாற்போல் சங்கிலி சங்கிலியாக உருண்டைகள், அவற்றுக்கிடையே சிதறிய தீக்குச்சிகளைப் போல் நீண்ட கோல்கள், எல்லாம் அழுத்தமான ஊதா நிறம். பார்க்க மிக அழகாக இருந்தது. ஆனால் அவற்றில் எது உயிரோடிருக்கிறது, எது செத்தது என்று அந்தத் தகடு சொல்லாது; எந்தத் திரிபு என்பதையும் சொல்லாது. உயிருள்ளவற்றை எண்ண வேண்டுமென்றால், பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, ஊட்டக் கூழ் ஊற்றிய தட்டில் பரப்பி, 37 பாகை வெப்பத்தில் இரண்டு நாள் வைத்து, முளைக்கும் வெண்புள்ளிகளை எண்ணிப் பெருக்க வேண்டும். பொட்டலத்தில் "சி.எஃப்.யு." என்று போட்டிருப்பது இந்தப் புள்ளிக் கணக்கைத்தான். அது தயாரித்த நாளின் கணக்கா, காலாவதி நாள்வரை உறுதி தரும் கணக்கா என்று படித்துப் பாருங்கள். நம் ஊர்ப் பகல் வெயிலில் மூடிய காருக்குள் இரண்டு மணி நேரம் கிடந்த பெட்டிக்குப் பழைய கணக்கு செல்லாது.

அதே வாரத்தில் புளித்த தோசை மாவையும் தட்டில் பரப்பினேன். எண்ண முடியாத அளவு முளைத்தது. அதே மாவில் வார்த்த தோசையின் நடுப்பகுதியைக் கரைத்துப் பரப்பினேன். ஒரு புள்ளிகூட இல்லை. கல்லின் சூட்டில் அனைத்தும் போய்விடுகின்றன. புளிப்பதால் மாவு செரிக்க எளிதாகிறது என்பது உண்மை, ஆனால் தோசையைப் புரோபயாட்டிக் என்று முகநூலில் எழுதுகிறவர்கள் அதைப் பச்சை மாவாகவா சாப்பிடுகிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

அம்மாவின் தயிர் நல்ல உணவு. பாலைவிட அதில் லாக்டோஸ் குறைவு, மிச்சமிருப்பதைச் செரிக்கவும் அந்தப் பாக்டீரியாக்களே கைகொடுக்கின்றன; நம்மவர்களில் பலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாத நிலையில் இது பெரிய உதவி. ஆனால் வீட்டுக்கு வீடு, உறைக்கு உறை மாறும் கலவையை ஐ.பி.எஸ். மருந்தாகக் கணக்கில் வைக்க இயலாது. கடையில் விற்கும் சிறு குப்பிப் புளித்த பால் பானத்துக்கும் இதையே சொல்வேன். ஜப்பானிய ஆய்வாளர் மினோரு ஷிரோட்டா 1930-இல் பிரித்தெடுத்த திரிபு வயிற்று அமிலத்தைத் தாங்கி உயிரோடு குடலை அடைகிறது என்பது வேறு, உங்கள் பிடிப்புவலியைத் தணிக்கிறது என்பது வேறு. குப்பியில் இருக்கும் சர்க்கரையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: பாயான் பாரு ஆசிரியை

தம்பி, நான் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பத்தொன்பது ஆண்டுகளாக ஐ.பி.எஸ். என்னோடு இருக்கிறது. வகுப்பின் நடுவே மாணவர்களிடம் புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லிவிட்டு ஓடிய நாள்கள் எத்தனையோ உண்டு. ஆகவே உங்கள் கழிப்பறைப் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புரோபயாட்டிக்கில் மூன்று வகைகளை முயன்றுவிட்டேன். ஒன்றில் உப்புசம் கூடியது, மற்ற இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வழி காட்டியது மருத்துவமனையின் உணவியல் நிபுணர் சொல்லிக்கொடுத்த ஃபாட்மேப் என்ற உணவுக் கட்டுப்பாட்டு முறை. ஆஸ்திரேலியாவில் மெல்பர்னிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வளர்த்தெடுத்த முறை அது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரைகளும் குறுகிய சர்க்கரைச் சங்கிலிகளும் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கவைத்து வாயுவாக்குகின்றன. புதுப் பாக்டீரியாவை உள்ளே அனுப்புவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். இருக்கிற பாக்டீரியாவுக்கு நாம் என்ன தீனி போடுகிறோம் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

நம் சமையலில் முதல் குற்றவாளி வெங்காயமும் பூண்டும். வயிறு சரியில்லை என்றால் நம் வீட்டில் என்ன கொடுப்பார்கள்? பூண்டு ரசம். எனக்கு அதுதான் விஷம் என்று கண்டுபிடிக்கப் பதினொரு ஆண்டு ஆயிற்று. பூண்டிலுள்ள ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே ரசத்தில் பூண்டை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தாலும் பயனில்லை. மாறாக, முழுப் பற்களை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, பற்களை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணமும் இருக்கும், வயிறும் பொறுக்கும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் பயன்படுத்துகிறேன். நாசி கண்டார் கடையில் நான்கு குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்வது எனக்குப் பழங்கதையாகிவிட்டது. பொரித்த மீனும் வெறுஞ்சோறும் வெள்ளரிக்காயும் என்று வாங்குகிறேன், கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

பழைய சோறு பற்றி உங்கள் அம்மா சொன்னதில் பாதி நியாயம். எனக்கும் பழைய சோறு ஒத்துக்கொள்ளாது என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். உணவியல் நிபுணர், "தொட்டுக்கொள்ள என்ன வைத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டார். ஐந்தாறு சின்ன வெங்காயம், பச்சையாக. வெங்காயத்தை நிறுத்தி ஊறுகாயோடு சாப்பிட்டுப் பார்த்தேன்; ஒன்றும் செய்யவில்லை. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடும் என்பதால் சிலருக்கு அதுவே வாயுவை உண்டாக்கலாமாம், ஆகவே சிறு கிண்ணத்தில் தொடங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை: எல்லாவற்றையும் ஒதுக்கும் முதற்கட்டம் ஆறு வாரத்தைத் தாண்டக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது எந்த அளவில் தொல்லை தருகிறது என்று அறிய வேண்டும். நெடுநாள் ஒதுக்கினால் நல்ல பாக்டீரியாக்களும் பட்டினி கிடந்து குறைந்துவிடுகின்றன என்று எனக்குச் சொன்னார்கள். பருப்பை நான் திரும்பப் பெற்றுவிட்டேன். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செய்த பாசிப்பருப்பு, ஒரு கரண்டி அளவில். சாம்பாருக்கு இன்னும் துணிவு வரவில்லை. உங்கள் வயிற்றைப் பற்றி ஒரு கேள்வி, தம்பி: ஒரு நாளில் எத்தனை தே தாரிக் (கெட்டிப்பால் கலந்து ஆற்றிய தேநீர்)?

பதில்: பாலம் கடப்பவன்

மூவருக்கும் மிக்க நன்றி. அக்கா, நான்கு. காலையில் ரொட்டி சானாயோடு ஒன்று, தொழிற்சாலைக் கேண்டீனில் இரண்டு, மாலையில் பாலம் ஏறுவதற்கு முன் ஒன்று. எழுதிப் பார்க்கும்போதுதான் எனக்கே உறைக்கிறது. தூக்கம் வராமலிருக்கச் சர்க்கரையில்லாத மிட்டாயும் சப்புகிறேன். அதன் உறையில் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி இருப்பதாகப் போட்டிருக்கிறது. ஐயா இருவரிடமும் ஒரு சந்தேகம்: பொட்டலமும் உணவு மாற்றமும் ஒரே நாளில் தொடங்கினால் விரைவில் குணமாகாதா?

மறுமொழி: மருந்தக மேசை

தொடங்கலாம், குணமும் ஆகலாம், ஆனால் எதனால் என்று தெரியாமல், வாழ்நாள் முழுதும் மாதம் 168 ரிங்கிட்டும் கட்டி, வெங்காயத்தையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான்கு தே தாரிக் என்றால் கெட்டிப்பாலின் லாக்டோஸ், கஃபீன் இரண்டும் வேலை செய்கின்றன. சார்பிட்டாலும் பேதியைத் தூண்டக்கூடியதே. என்னைக் கேட்டால் உணவையே முதலில் பார்க்கச் சொல்வேன். ஆனால் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், அதன் நாளும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே அதை முதலில் முடித்துவிடுங்கள். இரண்டிலும் தேறவில்லை என்றால் வழி அடைபட்டுவிடாது. இசப்கோல், பெப்பர்மின்ட் எண்ணெய்க் கூடு, குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் என்று மருத்துவர் கையில் இன்னும் பல இருக்கின்றன. அமிட்ரிப்டிலினை மனச்சோர்வு மருந்து என்று பயந்து மறுக்காதீர்கள். இங்கிலாந்தில் 463 பேரிடம் 10 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்துச் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தது. என் அலமாரியிலுள்ள எந்தப் புரோபயாட்டிக்குக்கும் அவ்வளவு உறுதியான சான்று கிடையாது.

பதில்: பாலம் கடப்பவன் (பதின்மூன்று வாரங்களுக்குப் பிறகு)

சொன்னபடியே செய்து முடித்துவிட்டேன். கேட்டுவிட்டுக் காணாமல் போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன். ஒன்றையும் மாற்றாத இரண்டு வாரத்தில், 14 நாளில் 9 நாள் வலி. பொட்டலம் எடுத்த நான்கு வாரத்தில் முதல் வாரம் உப்புசம் கூடியது. கடைசி இரண்டு வாரத்தில் 14 நாளுக்கு 8 நாள் வலி. நிறுத்திய இரண்டு வாரத்திலும் அதே 8. அதன் பிறகு தே தாரிக்கை விட்டுப் பாலில்லாத தே ஓ ஒன்று மட்டும் என்று குறைத்து, மிட்டாயை நிறுத்தி, வீட்டில் வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைக்கச் சொன்னேன்; சென்ற 14 நாளில் 4 நாள் வலி, அதுவும் மூன்றைத் தாண்டவில்லை. காலையில் மூன்று முறை என்பது ஒரு முறையாகிவிட்டது, எண் பெரும்பாலும் 5. இப்போது பூண்டு எண்ணெயிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். அடுத்தது சின்ன வெங்காயம், அம்மாவின் வற்புறுத்தலின் பேரில், ஒன்றே ஒன்று.

சென்ற வெள்ளிக்கிழமை பாலத்தின் நடுவில் ஐம்பது நிமிடம் நின்றுவிட்டது. வயிறு கலக்கத்தான் செய்தது, ஆனால் அடக்க முடிந்தது. பெட்டியில் இரண்டு பொட்டலங்கள் மீதியிருக்கின்றன. காசு கொடுத்து வாங்கியதை எறியக் கூடாது என்று மனைவி அவற்றைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். உறவினர் அடுத்த பெட்டிக்கு விலை குறைத்துத் தருவதாக நேற்றும் செய்தி அனுப்பியிருந்தார்.